காரைக்காலில் ஒரு பேட்டரிப் பெட்டி

போன மாசியில் ஒரு சனிக்கிழமை காரைக்கால் போய்வந்தேன். கோயிலுக்கு இல்லை, ஒரு பொறியியல் கல்லூரியில், சுற்றுச்சூழலைக் கெடுக்காத கார் வடிவமைப்புப் போட்டிக்கு நடுவராக. பாலிடெக்னிக்கில் வண்டிப் பாடம் நடத்துகிறேனே தவிர, பேட்டரி என்றால் எனக்குக் குலைநடுக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று வெடித்து, அமிலம் தெறித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது.

மயிலாடுதுறையில் காலை 7.10க்குப் பேருந்து. சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், நாற்பது ரூபாய். சனிக்கிழமைக் கூட்டத்தில் திருநள்ளாறு வரை நின்றுகொண்டேதான் வந்தேன். பிறகு கல்லூரிக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஆட்டோவுக்குள் ரேடியோ, மீட்டர் எல்லாவற்றுக்கும் பாலித்தீன் உறை.

"உப்புக்காத்துங்க. இங்க எதையும் மூடி வச்சாத்தான் நிக்கும்" என்றார் ஓட்டுநர்.

மொத்தம் ஐந்து கார்கள். மூன்றாவது, மண்டபத்தூர் மாணவி கலைச்செல்வியின் குழு செய்தது. மீன்கூடை ஏற்றிப்போக, வெயிலிலும் பேட்டரியிலும் ஓடுவது. இரவெல்லாம் சார்ஜில் கிடந்ததாம். கிட்டே போனதும் அழுகிய முட்டை வாசம், பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜானதன் அடையாளம். இருக்கைக்கு அடியில் பேட்டரிப் பெட்டி. உப்புக்காற்று புகாமல் சுற்றிலும் பசை வைத்து அடைத்திருந்தார்கள். சார்ஜாகும்போது கிளம்பும் ஹைட்ரஜன், பொறி பட்டாலே வெடிக்கும் வாயு, வெளியேற ஒரு துளைகூட இல்லை.

எனக்குக் காட்டுவதற்காக ஒரு பையன் மூடியை நெம்பிக்கொண்டிருந்தான். அதே நேரம் கலைச்செல்வி வண்டிக்குக் கற்பூரம் ஏற்றினாள். கடல்காற்றில் சுடர் சாய்ந்தது. அணைந்தால் சகுனம் சரியில்லை என்று, தட்டோடு வண்டிக்குள் குனிந்தாள்.

"அணைம்மா! ஊதி அணை!" என்று கத்தினேன்.

"சாமிக்கு ஏத்துனதுங்க மேடம், வாயால ஊதக் கூடாதுங்க."

தட்டைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினேன். விரல் சுட்டது மணலில் வைத்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவே பயம். ஒன்றும் வெடிக்கவில்லை. சார்ஜரை நிறுத்தி, எல்லோரையும் விலக்கி, ஒரு மணி நேரம் காற்றாட விட்டோம். அதுவரை நான் மரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் பாதுகாப்புக்குச் சுழியம் போடப் பேனாவை எடுத்தேன். கலைச்செல்வி அழவில்லை. இரண்டு மாதம் முன்பு முதல் சுற்றுக்கு அனுப்பிய வரைபடத்தைக் கைப்பேசியில் காட்டினாள்.

"படத்துலயும் பெட்டி இப்படித்தாங்க மேடம் மூடியிருந்துச்சு. 'உப்புக்காற்றுக்கு நல்ல யோசனை'ன்னு நீங்கதான எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க?"

என் கையெழுத்தேதான்.

நடுவராகப் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை என்றால் ஒரு பேருந்து முன்னதாகவே கிளம்புங்கள். மைதானத்தில் நிழல் குறைவு, தொப்பி வேண்டும். சார்ஜில் கிடக்கும் வண்டிக்கு அருகில் மூக்கை நம்புங்கள். வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கும்போதே பயந்துவிடுங்கள். எனக்கு அந்தப் பயம் இரண்டு மாதம் தாமதமாக வந்தது. அதற்குள் அந்தப் பெண் நெருப்போடு குனிந்துவிட்டாள்.