பூச்சுக்கு அடியில் பெயர் தேடிய ரெஜினா அக்கா

கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ரெஜினா அக்காவின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா." கதவை மறுபடி பூட்டிவிட்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

யாழ்ப்பாண நகரில் அக்காவும் நானும் சேர்ந்து நடத்திய பழம்பொருட்கடையில் அவரைச் சந்தித்தவர்களுக்குத் தெரியும், இராணுவப் பெட்டிகள் என்றால் அவருக்குத் தனி விருப்பம். உலகப்போருக்குப் போன சிப்பாய்கள் உடுப்பு வைத்திருந்த பெட்டிகள் அவை.

ஒருமுறை கொழும்பிலிருந்து வந்தவர் எங்களிடமிருந்த இரும்புப் பெட்டியை உடனே வாங்க நின்றார். நாங்களும் அசல் என்று நம்பியே எடுத்திருந்தோம். அக்கா கடைசியாக ஒருமுறை குனிந்து, துருவேறிய மூடியில் இருந்த இராணுவ எழுத்தைப் பார்த்தார். "தம்பி, உந்த எழுத்து கறளுக்கு மேலை கிடக்கு. பழைய எழுத்தெண்டால் கறள் அதையும் அரிச்சிருக்கும். இது பிறகு ஆரோ எழுதினது." விற்பனை கைவிட்டுப் போயிற்று. ஆனால் அந்த மனிதர் அதன்பின் அக்காவைக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை.

பிறகு புத்தூரிலிருந்து ஒரு பெண் மரப்பெட்டியொன்றை விற்க வந்தார். போர்க்கால இடப்பெயர்வில் யாரோ அவர்கள் வீட்டில் விட்டுப்போனது. மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. அக்கா பெட்டியை வாசலுக்கு இழுத்துச் சாய்ந்த வெயிலில் திருப்பினார். பச்சைப் பூச்சுக்கு அடியில் எழுத்துகள் மேடாகத் தெரிந்தன: ஓர் இராணுவ எண், ஞானப்பிரகாசம், கொழும்புத்துறை.

"பேரிருந்தால் விலை கூடுமே," என்றேன்.

"ஓம், கூடும். ஆனால் பேருக்குரிய ஆக்கள் இருந்தால் முதல் அவையளைக் கேக்கவேணும்."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. "உமக்கு நட்டம் வராது, பிள்ளை. நான் பாக்கிறன்," என்றார் அக்கா.

ஞாயிறு பூசை முடிந்ததும் நகரின் கரையோரம் உள்ள கொழும்புத்துறையில் விசாரித்து, அந்தச் சிப்பாயின் மகனைக் கண்டுபிடித்தார். வயதானவர் கடைக்கு வந்து மூடியைத் தடவினார். "அப்பான்ரை பேர். இடம்பெயரேக்கை எந்த வீட்டிலை விட்டனாங்கள் எண்டு பிறகு பிடிபடேல்லை. அவரின்ரை படம்கூட எங்களிட்டை இல்லை."

அக்கா மதிப்பிட்ட விலையைக் குறைக்கச் சொல்லாமல் பெரியவர் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"நெல்லுப் போட்டு வைச்சிருந்தனாங்கள், ஐயா. குறை நினையாதையுங்கோ," என்றார் அந்தப் பெண்.

"நீங்கள் வைச்சிருந்தபடியால்தானே தப்பினது!"

அக்காவின் இறுதிச் சடங்குக்கு அந்த இரு குடும்பங்களும் ஒரே வாகனத்தில் வந்திறங்கின. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் புத்தூர்ப் பெண்ணின் மகள் பெரியவரின் கையைப் பிடித்து இறக்கினாள்.

என்ன விலை பெறும் என்பதற்கு முன், யாருடையது என்று கேட்கும் பழக்கத்தை அக்கா எனக்கு விட்டுப்போயிருக்கிறார். நேற்று வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதன் அடிப்பக்கத்தில் பாதிப் பெயர் தெரிகிறது. நாளை விசாரிக்கப் போகிறேன்.