கமான் பட்டை

மல்லாட்டை எண்ணெய் காயும் வாசனை வந்தால் உங்களுக்கு வடை ஞாபகம் வரும், போண்டா ஞாபகம் வரும். எனக்குக் கார் ஞாபகம் வரும். வெளியே சொன்னால் வயதாகிவிட்டது என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் இத்தனை நாள் சொல்லவில்லை. போன வாரம் மகளின் புதுக் காரை சர்வீஸுக்கு விடப் போயிருந்தோம். டை கட்டிய பையன் ஒருவன், இந்த வண்டியில் சஸ்பென்ஷனைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம், ரோட்டுக்குத் தகுந்தபடி அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்றான். சரியாக அப்போது பார்த்து எதிர்ப்புறத் தள்ளுவண்டியில் முதல் ஈடு வடை எண்ணெயில் விழுந்தது. வாசனை வந்ததும் நான் சிரித்துவிட்டேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. அறுபதுகளில் செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன், இங்கிலீஷ் தெரிந்தவன் என்பது என்னைப் பற்றி நானே பரப்பி வைத்திருந்த செய்தி. முதலாளி தொண்டூர்க்காரர், பழைய ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் விவரம் தெரிந்த வியாபாரிகள் எல்லாம் ஐந்து மணிக்கு மேல்தான் பேரம் பேச வருவார்கள். பசியும் அவசரமும் சேர்ந்த மனிதர் எதற்கும் தலையாட்டுவார் என்று ஒரு நம்பிக்கை.

அவரிடம் ஒரு கார் இருந்தது. வெள்ளைக்காரத் துரை யாரோ விட்டுப்போனது. கறுப்பு நிறம், அகலமான பின்பக்கம், நடுரோட்டில் நினைத்தால் நிற்கும். ஊரில் அதற்கு எருமை என்று பெயர். அதை ஓட்டியவர், பழுது பார்த்தவர், அதனோடு பேசியவர் எல்லாமே கன்னியப்பன் அண்ணன்தான். திண்டிவனத்து லாரி ஷெட்டில் உதை வாங்கித் தொழில் கற்றவர். மாட்டுக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டியை ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கிறாரோ இல்லையோ, எருமையைக் குளிப்பாட்டுவார்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு முதலாளிக்கு வேறொரு யோசனை வந்தது. தொண்டூரில் அவர் கிணற்றுக்கு இன்னும் கரண்டு வரவில்லை. கார் எஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்தால் தண்ணீர் இறைக்கலாம் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் அண்ணன் எருமையை இரண்டு முறை குளிப்பாட்டினார்.

எருமையைக் காப்பாற்ற வந்தவன், நம்ப மாட்டீர்கள், போட்டி மண்டிக்காரரின் மருமகன். பட்டணத்தில் படித்தவன். கறுப்புக் கண்ணாடி, புதுக் கார். அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போகும் வழியில் முதலாளியின் வெள்ளை வேட்டியைச் செம்மண் நிறத்துக்கு மாற்றிவிட்டு முந்திப் போனான். அதோடு விடவில்லை. அமெரிக்காவில் கால் மைல் நேர் ரோட்டில் இரண்டு காரை நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறார்களாம், நாமும் பார்க்கலாமா என்று சந்தையில் வைத்துக் கேட்டான். எறும்பைக்கூட மிதிக்காத மனிதருக்கு எவ்வளவு கோபம் வரும் என்பதை அன்றுதான் பார்த்தேன். கன்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவன முந்திட்டீனா எருமை உன்னாண்டயே இருக்கட்டும். இல்லாங்காட்டி எஞ்சின் கெணத்துக்கு."

கால் மைல் என்றால் இரண்டு பர்லாங். திண்டிவனம் ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு இடம் இருந்தது. எருமைக்கு எஞ்சினில் குறை கிடையாது. குறை எல்லாம் பின்பக்கம். வளைத்த இரும்புப் பட்டைகளை அடுக்கி, அச்சின் மேல் கட்டியிருப்பார்களே, கமான் பட்டை, அந்தக் காலத்து சஸ்பென்ஷன் அதுதான், நாங்கள் சுருக்கமாகக் கமான் என்போம். கிளட்சை விட்டதும் அந்தக் கமான் முறுக்கிக்கொள்ளும், சக்கரம் தவளையாகக் குதிக்கும். இருந்த இடத்திலேயே குதிக்கிற வண்டி யாரை முந்தும்?

அண்ணன் பின்கமானைக் கழற்றி, முன்பாதியை மட்டும் கிளிப் போட்டு இறுக்கினார். பின்பாதியை நெகிழ விட்டார். முறுக்கு அதோடு அடங்கியது. முன்கமானில் இரண்டு பட்டைகளை உருவினார். கிளம்பும்போது வண்டி மூக்கைத் தூக்கினால் பாரம் பின்னால் வந்து, சக்கரம் ரோட்டைக் கவ்வும் என்பது அவர் கணக்கு. பட்டைகளுக்கு நடுவே தடவ கிரீஸ் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. கிரீஸில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று முதலாளி கேள்விப்பட்டிருந்தார். தன் வண்டியில் அது ஆகாது என்று மண்டியிலிருந்து ஒரு டின் மல்லாட்டை எண்ணெய் அனுப்பினார். நாலு தடவை ஓட்டிக் கமான் சூடேறியதும் வண்டி முழுக்க வடை வாசனை. தெருநாய்கள் பின்னாலேயே வந்தன. எங்களுக்கும் பசித்தது.

அப்படியும் வலது பின்சக்கரம் மட்டும் லேசாகித் தனியாகச் சுற்றியது. அதற்கு மேலே, பின்சீட்டில், மல்லாட்டை மூட்டை வைத்தோம். இடத்தை அடைத்ததே தவிர கனம் போதவில்லை. புண்ணாக்கு மூட்டை வைத்தோம், சரியானது. அதன் மேல் என்னை வைத்தார்கள். எடைக்காக என்று நினைத்துவிடாதீர்கள், அந்த நாளில் என்னைவிடப் புண்ணாக்கு மேல். காதுக்காக வைத்தார்கள். பட்டை விரிசல் விடும்போது ஒரு சன்னமான சத்தம் வரும், அது ஓட்டுகிறவருக்குக் கேட்காது. கேட்டதும் நான் "கமான்" என்று கத்த வேண்டும், அவர் அந்த நொடியே நிறுத்தி இறங்குவார். ஒரு மாதத்தில் மூன்று முறை கத்தினேன். மூன்று முறையும் பட்டை உடைந்துதான் இருந்தது. மூன்றாவது முறை இன்னும் பத்து கஜம் போயிருந்தால் அச்சு கழன்று புளியமரத்தில் தொங்கியிருப்போம். உன் காதுதான் எனக்கு உசுரு என்று அண்ணன் அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பந்தய நாள் வந்தது. முதலாளியின் சாப்பாட்டை உத்தேசித்து நாலு மணிக்கு வைத்திருந்தார்கள். காலையில் டீக்கடையில் மருமகனின் பட்டணத்துச் சிநேகிதர்கள் நாலு பேர் பந்தயம் பற்றிப் பேசி, "கமான், கமான்" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ரேஸ் என்றால் நாகரிகமானவர்கள் இப்படித்தான் கத்துவார்கள் போலிருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டேன்.

கைக்குட்டை விழுந்தது. எருமை குதிக்கவில்லை. மூக்கைத் தூக்கியது, பின்பக்கத்தை ரோட்டில் அழுத்தியது, பாய்ந்தது. முதல் பர்லாங் கல்லைத் தாண்டும்போது நாங்கள் முழுசாக ஒரு வண்டி நீளம் முன்னால். திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி புழுதியில் இருந்தது. என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. நாகரிகமாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கமான்! கமான்!"

பிரேக் பிடித்த வேகத்தில் நானும் புண்ணாக்கும் முன்சீட்டில் கிடந்தோம். அண்ணன் கதவைத் திறந்து குதித்து, வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். மருமகனின் கார் எங்களைத் தாண்டிப் போனது. அடியிலிருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கம் தம்பி? எல்லாம் நல்லாத்தான கீது."

நான் புண்ணாக்கு மூட்டையைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தேன். முதலாளி நடந்து வந்து பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எஞ்சினைக் கழற்ற வேறு யாரையும் அண்ணன் விடவில்லை. தானே கழற்றி, தானே மாட்டுவண்டியில் ஏற்றி, கிணற்று மேட்டில் தானே பூட்டினார். கூடப் போன நான் அங்கேதான் உண்மையைச் சொன்னேன். கமான் உடையவில்லை, நான் இங்கிலீஷில் கத்தினேன் என்று. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இன்னா அர்த்தம்?"

"வா வான்னு அர்த்தம்ணா."

ஸ்பேனரை மறுபடி எடுத்து, மீதி இருந்த இரண்டு போல்ட்டையும் இறுக்கி முடித்தார்.

"வான்னே சொல்லியிருக்கலாமே தம்பி. வந்திருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை. எஞ்சினை முடுக்கினார், தண்ணீர் நன்றாகத்தான் கொட்டியது. நான் வாய்க்கால் ஓரம் நின்று அழுதேன்.

அந்தக் கிணறு இப்போது இல்லை, மேலே வீட்டுமனை போட்டுவிட்டார்கள். ரோட்டை அகலப்படுத்தியதில் புளியமரங்கள் போயின, பர்லாங் கற்களும் போயின. கன்னியப்பன் அண்ணன் லாரி ஷெட்டுக்கே திரும்பிப் போய், அங்கேயே காலமானார். ஜெயித்துக்கொண்டிருந்த வண்டியை, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மடையன் கத்தினான் என்பதற்காக, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திய மனிதர் அவர். என் பேச்சை அவ்வளவு நம்பியவர் அதற்கப்புறம் எனக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.