ஞாயிற்றுக்கிழமை வந்த நம்பர்

பெம்பான் ஊரில் நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையின் கௌண்டரில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள் பவானேஸ்வரி. கனவில் வந்த பாம்புக்கு ஒரு நம்பர், செத்தவர் வீட்டுக் கதவு நம்பர், ரோட்டில் நசுங்கிய காரின் பிளேட் நம்பர் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ரத்தம் காய்வதற்குள் விபத்து நம்பர் கௌண்டருக்கு வந்துவிடும். அவளும் கூசாமல் மெஷினில் அழுத்தி டிக்கெட் கொடுப்பாள்.

அரசாங்கம் லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை என்று கடையை மூடிவிட்டார்கள். நல்ல காரியம் என்றது கோயில் கமிட்டி. நல்லதுதான். பிள்ளையின் பஸ் காசோடு வரிசையில் நின்ற அப்பன்களை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் அவளும் மற்ற மூன்று பெண்களும் கடைசி நாளில் ஷட்டருக்கு முன்னால் நின்று அழுதபோது கமிட்டியில் ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கு வயதுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? புருஷன் குகன் ஆயர் குரோவில் இருக்கும் தொழிற்சாலையில் டபுள் ஷிப்ட் பார்க்கத் தொடங்கினான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போவான்.

குலுக்கல் நாட்களான புதன், சனி, ஞாயிறுகளில் வேறொன்று நடந்தது. மதிய வெயிலில் ஆட்கள் அவள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். கூப்பிடவில்லை, கேட்டைத் தொடவும் இல்லை. நாலு இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"கடை இல்லலா! யார்கிட்ட சொல்றீங்க?" என்று கத்திப் பார்த்தாள். தலையாட்டிவிட்டுப் போனவர்கள் அடுத்த புதனும் வந்தார்கள்.

"உன்னைச் சாமி ஆக்கிட்டானுங்க, பவா. உண்டியல் வெச்சிரு," என்று குகன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் வாரம் தினேஷ்வரன் ஒரு போனோடு வந்தான். கள்ள நம்பர் எழுதும் கூட்டத்தின் ஆள். "அக்கா, சும்மா உட்கார்ந்து எழுதி அனுப்புங்க. பழைய சம்பளம் கிடைக்கும். ஒங்க கை ராசின்னு ஊரே சொல்லுது."

"வேணாம் பவா, போலீஸ் கேஸ் ஆயிடும்," என்றான் குகன்.

"நீங்க நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு இது தேவலாம்."

ஞாயிறு காலை குகன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன பிறகு, தினேஷ்வரன் விட்டுப்போன போனை அவள் திறந்தாள்.

மதியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுப்பம்மா அக்காதான் முதலில் குரல் கொடுத்தாள். "ஏழு மூணு ஒண்ணு ஆறு. பெரிசு பந்தயத்துல ரெண்டு வெள்ளி கட்டு. சுடச்சுட வந்த நம்பர்டி!" எழுதினாள். போனில் இன்னொருவர், அதே நம்பர். அடுத்தவரும் அதே. எங்கோ விபத்து நடந்திருக்கிறது என்று தெரிந்தது. எல்லாம் வழக்கம்தான்.

பத்தாவது முறை எழுதும்போது விரல் நின்றது. அந்த நான்கு எண்களும் பெயிண்ட் உரிந்த பிளேட்டில், சேறு அப்பிய மட்கார்டுக்கு மேலே, அவள் தினமும் துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவை.

"அக்கா, எங்கேருந்து வந்துச்சு இந்த நம்பர்?"

"புக்கிட் பெருவாங் சிக்னல்ல. லோரிக்காரன் மோதிட்டானாம். எல்லா குரூப்லயும் ஓடுதே, பாக்கலியா?"

படம் வந்தது. ஆள் இல்லை. பிளேட்டை மட்டும் நெருங்கி எடுத்திருந்தார்கள்.

குகன் பிழைத்துக்கொண்டான். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மறுநாள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சு வந்தது. "ரோட்டுல கெடந்தேன், பவா. பத்துப் பேரு குனிஞ்சாங்க. ஒருத்தனும் என்னைப் பாக்கல. எனக்குப் பின்னால கெடந்த வண்டியவே பாத்தாங்க. நான் செத்துட்டேன் போலன்னு நெனச்சேன்."

அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப எழுதியது தன் கைதான் என்று அவள் சொல்லவில்லை.

வராந்தாவில் தினேஷ்வரன் ஆரஞ்சுப் பழத்தோடு காத்திருந்தான். அவள் போனை நீட்டினாள்.

"அக்கா, அண்ணன் ஆறு மாசம் எந்திரிக்க மாட்டாரு. இப்பதான் ஒங்களுக்கு இது வேணும். நல்லா யோசிங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போனைப் பழப்பைக்குள் போட்டு, பையோடு அவன் கையில் திணித்தாள்.

பிறகு, தரை துடைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெண்ணிடம் போய் இங்கே ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். எடுப்பார்கள், ஆனால் நம்பர் கடைச் சம்பளத்தில் பாதிதான் வரும். அவள் தன் பெயரைக் கொடுத்தாள்.

உள்ளே வந்தபோது குகன் விழித்திருந்தான். "காலடியில யாரு குனிஞ்சு நிக்கிறா?"

"யாரும் இல்லீங்க," என்றாள். சொல்லிவிட்டு, கட்டில் நம்பர் வெளியே தெரியாதபடி திரையை இரண்டு பக்கமும் இழுத்து மூடினாள்.