பார்த்த ஆள்

கடைக்குள் நுழைகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்: "ஆள் இல்லையா?"

பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அது. ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு முக்காலி, முன்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு போன். முக்காலியில் நான் இருப்பேன். கையில் திருப்புளி இருக்கும், எதிரே ஒரு லேப்டாப் திறந்து கிடக்கும். அப்படியும் கேட்பார்கள். வாத்தியாரும் கேட்பார், வக்கீல் குமாஸ்தாவும் கேட்பார். முதல் வருடம், "முதலாளி சாப்பிடப் போயிருக்காவ, நான் பாக்கேன்" என்று பணிவாகச் சொன்னேன். மூன்றாம் வருடம் ஒருவரிடம், "அப்ப என்னையப் பாத்தா எப்படித் தெரியுது, எருமை மாதிரியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பிறகு வரவில்லை. போகட்டும், அவர் கொண்டுவந்ததும் ஒன்றுக்கும் உதவாத பிரிண்டர்தான்.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். தினமும் காலை பஸ்ஸில் ஏறி, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாதித் தூக்கம், சேரன்மகாதேவி தாண்டி மீதித் தூக்கம் என்று வந்து இறங்குவேன். கடையில் கூட்டம் கிடையாது. நாலு பேர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. வேலை இல்லாத நேரமெல்லாம், செத்துப்போனது என்று தள்ளிவைத்த போர்டுகளை எடுத்துக் குடைந்துகொண்டிருப்பேன். அவற்றில் சில உயிர் பிழைத்தன. முதலாளி எனக்குச் சொல்லித்தந்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அந்தக் காலிப் பொழுதில் நானே கற்றது.

முதலாளி நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவரென்றால் முதல் மாதமே சண்டை போட்டிருப்பேன். பழுதுக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் எங்கள் கடையில் ஒரு சீட்டு உண்டு. யாருடையது, என்ன பழுது, எந்த நாள் என்று எழுதிக்கொண்டே வந்தால், கடைசியில் 'பார்த்த ஆள்' என்று ஒரு கோடு இருக்கும். நான் சேர்ந்த வாரமே முதலாளி சொன்னார்: "அங்கன எம் பேரைப் போட்டுரும்மா. சனங்க நம்பணும்லா." அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை கிடைத்ததே பெரிது என்று தலையாட்டினேன். ஏழு வருடம் நான் பார்த்த வேலைக்கெல்லாம் என் கையாலேயே அவர் பெயரை எழுதினேன். இப்போது நினைத்தாலும் என்மேல்தான் கோபம் வருகிறது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் முதலாளி மெதுவாக ஆரம்பித்தார். "எம்மா, நாளைக் கழிச்சு ஒரு தம்பி வருதான். சென்னையில கோர்ஸ் முடிச்சவன். இனிமே அவன் முக்காலியில இருக்கட்டும். வாரவனெல்லாம் ஆள் இல்லையான்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறான் பாரு. நீ முன்னால உக்காந்து போன் எடு, சீட்டு எழுது. ஒனக்கும் கஷ்டம் இல்ல."

கஷ்டம் இல்லையாம். அந்த முக்காலியை விட்டு இறங்கினால் நான் பழுது பார்க்கிறவள் இல்லை, போன் எடுக்கிறவள். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அதே போன்தான் கையில் வரும். வாயாடி என்று ஊரில் பெயரெடுத்தவளுக்கு, வேண்டிய நேரத்தில் வாய் ஒட்டிக்கொண்டது.

பூசைக்கு மறுநாள் முதலாளி குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டார். புதியவர் வந்தார். முப்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. நேராகப் போய் முக்காலியில் உட்கார்ந்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில்.

பத்து மணிக்குக் கல்லிடைக்குறிச்சி உரக்கடைக்காரர் ஒருவர் சிபியுவைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் எழுந்து கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "ஆள் இல்லையா?" என்றார். பிறகு புதியவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இந்தா இருக்காருல்லா. தம்பி, சுவிட்சைப் போட்டா செத்த நேரம் சுத்துது, உடனே அணையுது. பிசான நடவுக்கு உரம் வாங்க ஆளுக வந்து நிக்காவ. சட்டுனு பாருங்க."

புதியவர் மூடியைக் கழற்றினார், தட்டினார், ஊதினார். சுவிட்சை அழுத்தினால் விசிறி நாலு நொடி சுற்றும், நின்றுவிடும். அரைமணி நேரம் கழித்து, "மதர்போர்டு போயிடுச்சு. மாத்தணும்" என்று தீர்ப்புச் சொன்னார். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல். உரக்கடைக்காரர் முகம் தொங்கிப்போய், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். பிசானம் தொடங்குகிற வாரத்தில் பாவம், யாருக்குத்தான் தொங்காது?

எனக்கு மட்டும் அந்தச் சிபியு வந்ததிலிருந்தே சந்தன வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

ஆயுத பூசைக்கு மறுநாள் எங்கள் கடைக்கு வருவதெல்லாம் சாமி கும்பிட்டு வந்தவைதான். பொரிகடலை தின்ன எறும்பு புகுந்த கீபோர்டு வரும். விபூதி அடைத்த விசிறி வரும். சந்தனம் வைக்கிறவர்கள் நல்ல நடுப்பகுதியாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். சிபியுவுக்கு நெற்றி எது? சுவிட்சுதான். தாராளமாகக் குழைத்து அப்பிய சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்துவிட்டால், அழுத்திய சுவிட்சு எழும்பாது. தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அணையத்தான் செய்யும். இதைச் சென்னைக் கோர்ஸில் சொல்லித்தர மாட்டார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். சுவிட்சுக்குப் போகும் வயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு கம்பியையும் திருப்புளி நுனியால் சேர்த்துத் தொட்டேன். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. திரையும் வந்தது. அணைத்துவிட்டு, துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, இடுக்கிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். வயரைத் திரும்ப மாட்டி அழுத்தினேன். பத்து நிமிட வேலை.

உரக்கடைக்காரர் திரும்பி வந்து, திரை எரிவதைப் பார்த்துப் புதியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ராசியான கையி ஒமக்கு. ஆளுன்னா இப்படில்லா இருக்கணும்."

புதியவர் என்னைப் பார்த்தார். பிறகு, "பரவால்ல சார்" என்றார்.

அந்தப் 'பரவால்ல'தான் என் ஒட்டிய வாயைத் திறந்துவிட்டது. ஆனால் வாயால் பேசவில்லை. சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். என்ன பழுது என்ற இடத்தில், 'சுவிட்சில் சந்தனம்' என்று எழுதினேன். பார்த்த ஆள் என்ற கோட்டில், அப்பாவின் இனிஷியலோடு என் பெயரை முழுசாக எழுதினேன். கார்பன் நகலைப் புத்தகத்தில் விட்டு, மேல் சீட்டைக் கிழித்து நீட்டினேன்.

அவர் படித்தார். "இங்கன பொம்பளப் பேருல்லா போட்டிருக்கு. இது யாரும்மா?"

"வரும்போது ஆள் இல்லையான்னு கேட்டியள்லா அண்ணாச்சி, அந்த ஆளு."

அவர் புதியவரைப் பார்த்தார். புதியவர் தரையைப் பார்த்தார். மேசையில் என் ஊக்கு சந்தனம் அப்பிக் கிடந்தது. உரக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். "எம்மா, அப்ப பொட்டு வைக்கக் கூடாதா?"

"வையுங்க. சுவிட்சுல வைக்காதிய."

மறுநாள் முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். புதியவர் வந்தார், பார்த்தார், ஓரமாக நின்றார். முதலாளி வந்து திருச்செந்தூர் இலை விபூதி கொடுத்தார். வழக்கம்போலச் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"என்னம்மா இது, பேரு மாறியிருக்கு?"

"மாறல அண்ணாச்சி. ஏழு வருசமா மாறிக் கெடந்துச்சு, இப்பத்தான் சரியாயிருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்னய முன்னால உக்காரச் சொன்னம்லா?"

"சொன்னிய. நான் உக்கார மாட்டேன்."

சொல்லிவிட்டேன். போகச் சொன்னால் போய்விடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அந்த நேரம் பார்த்து முன்னால் போன் அடித்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் குனிந்து, எதிரே இருந்த லேப்டாப்பின் முதல் திருகைக் கழற்றினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது திருகைக் கழற்றினேன்.

"தம்பி," என்றார் முதலாளி, "அந்தப் போனை எடுப்பா."