செருப்பு கிடக்கும் வாசல்

மீரான் பாய் சினிமாவுக்குப் போனால் படத்தைப் பார்க்க மாட்டார். வெளியே போகும் வாசல் எங்கே இருக்கிறது, கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கம் திறக்கிறதா என்றுதான் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் போகிற வழியில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தால் போதும், அவருக்குப் பிரியாணி தொண்டையில் இறங்காது. தொழில் அப்படி. பெரிய ஆலைக் கட்டடங்களுக்குப் போய், நாளைக்கு இங்கே தீப்பிடித்தால் உள்ளே இருக்கிறவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. நான் காமராஜ், கூடப் போய் வயரிங்கைப் பார்ப்பவன். அவரோடு சுற்றிச் சுற்றி எனக்கும் அந்தப் புத்தி தொற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தேதான் திட்டுவாள்.

மீரான் தென்காசிக்காரர். வாலிபம் முழுவதையும் சவூதியில் ஒரு ரசாயன ஆலையின் தீத்தடுப்புப் பிரிவில் கழித்தவர். அத்தனை வருடமும் அவர் மனைவி பாஹிமா இங்கே தனியாக இருந்தாள். சும்மா இருக்கவில்லை, லேப் டெக்னீசியன் படிப்பைப் படித்து முடித்தாள். இனி விமானம் ஏறப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மீரான் மூட்டை முடிச்சோடு ஊர் வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களிலேயே பாஹிமாவுக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை வந்தது. "ரெண்டு வருசந்தானே, போயிட்டு வந்துருதேன்" என்றாள். அவளை இத்தனை காலம் காக்க வைத்தவர் எந்த வாயால் போகாதே என்று சொல்வார்? திருவனந்தபுரம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

போகிற அன்று அவள் ஷூ போட்டுக்கொண்டு போனாள். வீட்டில் போடுகிற நீல ரப்பர் செருப்பு வாசற்படியில் கிடந்தது. இரண்டு வருடமாக அது அங்கேயேதான் கிடந்தது. ஒருநாள் கால் இடறி நான் அதை ஓரமாகத் தள்ளப் போனேன். "அது அங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றார். அப்புறம் நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போவேன்.

இந்த வருடம் அருவி விழும் சாரல் சீசனோடு அவளுடைய இரண்டு வருடம் முடிவதாக இருந்தது. வைகாசி பிறந்ததிலிருந்தே மனிதர் மலையைப் பார்த்தபடி இருந்தார். "சாரலுக்கு வந்துருவேன்னு சொல்லுதா" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார், எனக்கே அலுத்துவிட்டது. கல்யாணமான புதிதில் இருவரும் ஐந்தருவிக்குப் போயிருந்தார்களாம். பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் இவர். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தவள், இவர் கையிலிருந்த மிளகாய் பஜ்ஜியைப் பிடுங்கித் தின்றாளாம். சேர்ந்து பார்த்த சீசன் அது ஒன்றுதான். அந்த பஜ்ஜிக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் வாசுதேவநல்லூர் போகிற வழியில் ஒரு நூற்பாலை வேலை எங்களிடம் வந்தது. உள்ளே நீளமான கூடம். பஞ்சு பறக்கிற இடம், ஒரு பொறி போதும். வேலை பார்ப்பதெல்லாம் பெண்கள். முன்னால் ஒரு பெரிய வாசல், பின்னால் இரண்டு வாசல்கள். பின்வாசல்களை அடைத்துக் கிடந்த பெட்டிகளை அகற்றி, பூட்டுகளை எடுத்து, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி, பச்சைப் பலகை மாட்டி, தரையில் அம்புக்குறியும் போட வைத்தார் மீரான். எல்லாம் சரி என்ற திருப்தியில் ஒத்திகைக்கு மணி அடிக்கச் சொன்னார்.

மணி அடித்தது. பின்வாசலுக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள்கூட அம்புக்குறியை மிதித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடினார்கள். மொத்தக் கூட்டமும் முன்வாசலில் போய் நெருக்கியடித்தது. பின்வாசல்கள் இரண்டும் ஆளில்லாமல் திறந்து கிடந்தன. நிஜத் தீயாக இருந்திருந்தால் பாதிப்பேர் வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

ஒத்திகை முடிந்ததும் மீரான் கோபமாகப் போய், பின்வாசலை ஒட்டிய தன் மெஷினுக்குத் திரும்பியிருந்த ஒரு பெண்ணைப் பிடித்துக் கேட்டார். பெயர் ஜெயபிரியா.

"கதவு பக்கத்துலயே இருக்குல்லா? அதை விட்டுட்டு எதுக்கும்மா அங்கன ஓடுன?"

"செருப்பு அங்கனல்லா கெடக்கு சார்" என்றாள்.

அப்போதுதான் பார்த்தோம். முன்வாசலில் ஒரு பிள்ளையார் படம். அதைக் கும்பிட்டுவிட்டு, எல்லாரும் செருப்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிற வழக்கம். சவூதியில் பூட்ஸ் போட்ட கால்களையே பார்த்துப் பழகிய மனிதருக்கு இது கண்ணில் படவே இல்லை. எனக்கும்தான்.

"உயிரு போற நேரத்துல செருப்பா பெருசு?" என்று ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருந்து வாங்கிட்டு வந்தது சார். அவரு திரும்பிப் போயி வருசமாச்சு. விட்டுட்டு வர மனசு கேக்கல."

அதற்கு மேல் அந்தப் பெண்ணை மீரானால் திட்ட முடியவில்லை. முதலாளியிடம் சொல்லி மூன்று வாசலிலும் செருப்புத் தட்டு வைக்கச் செய்தார். அவரவர் மெஷினுக்குப் பக்கத்து வாசலில்தான் செருப்பைப் போட வேண்டும், காலையில் அந்த வழியாகத்தான் உள்ளே வரவும் வேண்டும். பின்வாசல்கள் இரண்டிலும் ஒவ்வொரு பிள்ளையார் படம் மாட்டியாயிற்று. அடுத்த ஒத்திகையில் கூட்டம் மூன்றாகப் பிரிந்து, தள்ளுமுள்ளு இல்லாமல் வெளியே வந்தது.

"செருப்பு எங்கன கெடக்கோ, மனுசன் அங்கனதான் ஓடுவான் அண்ணாச்சி. இதை எனக்கு ஒருத்தனும் சொல்லித்தரல" என்றார் திரும்பி வரும் வழியெல்லாம். நெடுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சாரல் தூறிக்கொண்டிருந்தது. இலஞ்சி பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். அப்போது பாஹிமா போனில் கூப்பிட்டாள். தூறல் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, இன்னும் ரெண்டு வருசத்துக்கு இருக்கச் சொல்லுதாங்க. எனக்கு இந்த வேலை ரொம்பப் புடிச்சிருக்கு. சரின்னு சொல்லிட்டேன். கோவமா?"

"இல்ல" என்றார். டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, "உன் செருப்பு வாசல்லயே கெடக்கு" என்றார்.

"அதையா இன்னும் வச்சிருக்கீங்க? தூரப் போடுங்க. நான் இங்க வேற வாங்கிட்டேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நீலச் செருப்பைக் காணோம். ஆத்திரத்தில் வீசிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், அது அலமாரியில் கழுவித் துடைத்து இருந்தது. மஸ்கட் போகிற பக்கத்து வீட்டு முஃபீதிடம் கொடுத்துவிட ஒரு பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். மசாலாப் பொடி, நேந்திரம்பழ சிப்ஸ், அதற்கு மேலே அவர் தினமும் போடுகிற தோல் செருப்பு.

"இது எதுக்கு பாய்?" என்றேன்.

கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "அவ வாசல்ல என் செருப்பு கெடக்கட்டும் அண்ணாச்சி. அவளா வரமாட்டா. நானாவது அங்கன ஓடணும்லா."

அன்று வெறுங்காலோடுதான் அவர் என் வண்டியில் ஏறினார்.