மேனகாவுக்கு ஒரு ஜீனி

"உட்காரறவாளைக் கேட்டுத் துணி மாத்தறேள், தாங்கறதைக் கேட்டேளோ…" என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி மறந்துவிட்டது. மலையாளக் கரையில், எங்கள் கரமனை வீட்டில் கிழிந்துபோன ஒரு சாய்வு நாற்காலியைப் பற்றிச் சொன்னது அது. குதிரைச் சவாரி கற்றுக்கொடுக்கும் தொழிலுக்கு வந்த பிறகு, நான் பெரும்பாலும் தேடிக்கொண்டிருப்பது அந்த மீதியைத்தான்.

மஸ்கட்டில் ஒரு குதிரை லாயத்தின் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தலை நரைக்கத் தொடங்கியதும் ஊர் திரும்பி, திருவல்லம் பக்கம் ஒரு தென்னந்தோப்பை வாடகைக்கு எடுத்து மூன்று குதிரைகள் வாங்கினேன். குதிரை வைத்திருப்பவர்களும், வைத்திருந்து விற்றவர்களும் இந்த இடத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டு மேசை

மூன்றில் மேனகாதான் சாது. குழந்தை அழுதால் திரும்பிப் பார்க்கும். ஆனால் அதன் முதுகு, ஆண்டவன் அவசரத்தில் செய்தது. தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய மேடு கிடையாது, ஒரே தட்டை. சாதாரணச் சேணத்துக்குள்ளே மரத்தால் ஒரு சட்டம் இருக்கும். அந்தச் சட்டம் குதிரைக்குக் குதிரை வளைந்து கொடுக்காது. மேனகாவின் தோளை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்துப் புண்ணாக்கியது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆற்றுவோம்; சேணம் ஏறியதும் திரும்ப வரும்.

கோவளம் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றும் பாபு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அதை விலைக்குக் கேட்பார். அவரிடம் போனால் பகல் முழுக்க மணல், வெயில், ஆள் மாற்றி ஆள். முதுகில் ஒரு கம்பளித் துணி மட்டும் இருக்கும். சவாரிக்கு ஆகாத குதிரையைக் கட்டி வைத்துத் தீனி போட எனக்கு வசதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"சாரே, ஊணு மேசைக்கு ஆராவது சேணம் போடுவாங்களா? எனக்குத் தந்நேக்கு."

ஜீனி வந்தது

உள்ளே சட்டமே இல்லாத சேணம் ஒன்று உண்டு. மஸ்கட்டில் பார்த்திருக்கிறேன். தோலும் ஃபோமும்தான், குதிரையின் முதுகு எப்படியோ அப்படிப் படியும். வெளிநாட்டுச் சரக்கின் விலைக்கு இன்னொரு மேனகாவை வாங்கலாம். அதனால் கான்பூரிலிருந்து மலிவான ஒன்றை வரவழைத்தேன்.

பார்சல் வந்த அன்று நான் வெளியே போயிருந்தேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாரன் வீட்டுக்கு போன் செய்து, "மாமி, ஜீனி வந்திட்டுண்டு, சாரோடு பறயணும்" என்றிருக்கிறார். மலையாளத்தில் சேணத்துக்கு ஜீனி என்று பேர். என் மனைவி கும்பகோணத்துக்காரி. அவளுக்கு ஜீனி என்றால் காப்பிக்குப் போடுவது. ரேஷனில் வந்திருக்கிறதாக்கும் என்று பெரிய எவர்சில்வர் டப்பாவைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தையலைப் பார்க்கலாமென்று நான் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்னா, இது எத்தனை ஸ்பூன் போடணும்?"

அசையாதவள்

புதுச் சேணத்தில் முதலில் ஏறியவர் செல்வின். நாகர்கோவில்காரர், கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல ஆகிருதி. அவர்தான் ஆபீஸ் நண்பர்களையும் அழைத்து வருவார். அவர்கள் தரும் பணத்தில்தான் எங்கள் தீனிச் செலவு ஓடியது. எல்லாருக்கும் மேனகாதான் வேண்டும்.

தரையில் நின்றபடியே அங்கவடியில் கால் வைத்து எம்பினார். சட்டம் இல்லாத சேணத்துக்குத் தட்டை முதுகில் பிடிமானம் ஏது? மெதுவாக, ஒரு மரியாதையோடு, அது அப்படியே சுழன்று வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. செல்வினும் கூடவே போய்ப் புல்லில் இறங்கினார். மேனகா கழுத்தைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. நான் ஓடிப்போய்க் குனிந்தேன்.

"சார், அவ அசையவே இல்ல, பாத்தீளா? நான் இப்படியே கொஞ்சம் படுத்துக்கிடட்டா?"

மெத்தைக் கடையில்

இந்தச் சேணத்தை வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்யும் சிக்கனத்தை நானும் செய்திருந்தேன்: சேணத்தை மட்டும் வாங்கிவிட்டு, அடியில் போடும் மெத்தையை விட்டுவிட்டேன். சேணத்தில் பாதி அந்த மெத்தைதான். முதுகெலும்பின் இரு பக்கமும் கெட்டியான பட்டை வேண்டும். நடுவில் எலும்பின் மேல் எதுவும் படாமல் ஒரு வாய்க்கால் வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடைக்குப் போய் அளவைக் கொடுத்தேன். கடைக்காரர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். நடுவில் பள்ளம் எதற்கு, ஆள் விழுந்துவிடாதா என்றார். இது ஆளுக்கு இல்லை, குதிரைக்கு என்றேன். காகிதத்தை என் பக்கமே நீட்டினார்.

"குதிரை நின்னுகொண்டல்லே சாரே உறங்குந்நது? பின்னே இது ஆர்க்கா?"

வியர்வை

மெத்தை வந்தது; ஏறுவதற்கு ஒரு மர முக்காலியும் வந்தது. இனிமேல் யாரும் தரையிலிருந்து எம்பக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிச் சுற்றி வந்த பின் சேணத்தைக் கழற்றினால், முதுகில் வியர்வை இரண்டு பக்கமும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். சவாரிக்காரனுக்கு அதுதான் மார்க் ஷீட். புண் ஆறி, அந்த இடத்தில் புது ரோமம் முளைத்தது. சுகுமாரன் அதைத் தடவிக்கொண்டே இருப்பார்.

பிறகு செல்வின் ஏறினார். இறங்கியதும் சேணத்தைத் தூக்கிப் பார்த்தேன். வியர்வைக்கு நடுவே, அங்கவடி வார் தொங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உலர்ந்த வட்டம். அங்கே அழுத்தம் ரத்தத்தையே நிறுத்துகிறது என்று அர்த்தம். பாரத்தைப் பரப்பிக் கொடுக்கச் சட்டம் இல்லை. கனமான ஆளின் எடை முழுக்க அந்த இரண்டு இடத்தில் இறங்குகிறது. இன்னும் நாலு நாள் போனால் பழைய புண்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாபு வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். செல்வினுக்கு வட்டத்தைத் தொட்டுக் காட்டி விளக்கினேன். அவர் மேனகாவின் நெற்றியைச் சொறிந்துகொண்டே கேட்டுக்கொண்டார்.

"அப்போ சார், நான் மெலியணுமா, இவ கோவளத்துக்குப் போணுமா?"

மேனகா விற்பனைக்கு இல்லை என்று பாபுவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் சாலைக் கடைத்தெருவிலிருந்து மூட்டை எடை போடும் பழைய மேடைத் தராசு ஒன்றை வாங்கி வந்து, தோப்பு கேட்டுக்கு உள்ளே, சவாரிக்கு வருகிறவர்கள் முதல் அடி வைக்கும் இடத்தில் போட்டேன்.