கழற்றாத மாலை

அந்தப் பித்தளைப் படிக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அத்தான் சுருட்டுக் குடித்துக்கொண்டே துப்புகிற படிக்கம். பழுப்பும் பச்சையுமாய்க் கோழை, அதில் ஊறிக் கிடக்கும் சுருட்டுக் கட்டைகள். தினமும் காலையில் அதைக் கொல்லையில் கொட்டிச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது ஒருநாள் அக்கா முறை, ஒருநாள் என் முறை. அண்ணனான அத்தானுக்கு அக்காவையும் தம்பிக்கு என்னையும் ஒரே வீட்டில் கட்டிக் கொடுத்தபோது, எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் எங்கள் அம்மா. இப்படி ஒரு பங்கு இருப்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

தென்காசியில் சாரல் விழ ஆரம்பித்தால் துணி காயாது. ஈரத் துணியில் அந்த நாற்றம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலையணையில், போர்வையில், மூடி வைத்த பாலில்கூட. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் குற்றாலத்துக் காற்றைத் தேடி வருவார்கள். அந்தக் காற்று எங்கள் வாசலோடு நின்றுவிடும். அத்தானுக்கு ஒரு வைத்தியக் கணக்கு இருந்தது. மூலிகைத் தண்ணீராம், அருவியில் தலையைக் கொடுத்தால் நெஞ்சில் உள்ள புகையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். அதனால் குளிப்பார். குளித்தால் குளிரும். குளிருக்கு இதமாக இன்னொன்றைப் பற்றவைப்பார். நல்ல வைத்தியம்தான், வாயில் நன்றாக வருகிறது எனக்கு.

அவருடைய வலது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தடம் விழுந்து, பிறகு புண்ணானது. காரம் தாங்கவில்லை. பக்கத்தில் வந்தால் புகையிலை நாற்றத்தோடு புண்ணின் வாடையும் சேர்ந்து அடிக்கும். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சுருட்டை விடாவிட்டால் இது புற்றாகிவிடும், கன்னத்தையே அறுத்தாலும் பிழைப்பது சந்தேகம் என்று ஒளிக்காமல் சொன்னார். அன்று ராத்திரி அக்கா தலையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்றார் அத்தான். அவருக்குச் சத்தியம் சர்க்கரைப் பொங்கல். மறுநாள் காலையிலேயே மாட்டுத் தொழுவுக்குப் பின்னால் புகை வந்தது.

இதே மனிதர் கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் சுருட்டின் பக்கம் திரும்பமாட்டார். லேசில் அல்ல. முதல் வாரம் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அதிமதுரத் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார். ஆசை முற்றினால் வண்டி கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போய், பல் கிட்டிக்கும்வரை தண்ணீருக்கு அடியில் நிற்பார். பிறகு மெல்ல மெல்ல அடங்கும். இருமல் குறையும், ரசத்துக்கு ருசி தெரியும். படிக்கம் காய்ந்துபோய்க் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும். தை மாதம் மலையிலிருந்து வந்ததும் எங்கள் மாமியார் மாலையைக் கழற்றுவார். பாயசம் ஆறுவதற்குள் அத்தான் வாயில் சுருட்டு புகையும். இரண்டு வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்தேன். சாமிக்குப் பயந்து விட முடிந்த மனிதருக்குப் பெண்டாட்டிக்கு இரங்கி விட முடியவில்லையே என்று, படிக்கத்தைவிட அவரைக் கண்டுதான் எனக்கு அதிகம் குமட்டியது.

மூன்றாம் வருஷ விரதத்தில் புண் பாதிக்குமேல் ஆறியிருந்தது. இனித் தொட்டால் என்னிடம் வராதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாமியார் விளக்கேற்றி, மகன் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"கழத்தாதீக அத்தை. அப்படியே கெடக்கட்டும்."

மாலை கழுத்தில் கிடக்கும்வரை அவருக்குத் தனிப் பாய். பெண்டாட்டி பெண்டாட்டி இல்லை. அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வயிற்றில் ஒன்றும் தங்கியிருக்கவில்லை. நான் அப்போது மூத்தவனைச் சுமந்துகொண்டிருந்தேன்.

"ஏட்டி, என்ன சொல்லுதோம்னு தெரிஞ்சுதான் சொல்லுதியா? ஒனக்குன்னு ஒரு பிள்ளை வேண்டாமா?" என்றார் மாமியார்.

"பெத்த பிள்ளைக்கு அப்பன் எங்கேன்னு காட்டுவேன்? எனக்கு இவுக உசுரோட இருந்தாப் போதும்."

மாமியார் மகனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாலை இல்லாமலே விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கண் அலமாரியில் இருந்த சுருட்டுக் கட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது. பிறகு மாலையைக் கையால் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். சீ, இதுவும் ஒரு ஆண்பிள்ளையா என்று இருந்தது எனக்கு.

புண் முழுக்க ஆறிவிட்டது. மாலையும் கழுத்தோடு நின்றுவிட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் ஊர் அவரைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தது. எவ்வளவு வைராக்கியம் என்று வியந்தார்கள். தெருவில் நிறுத்திக் காலில் விழுந்தார்கள். அவரும் கூசாமல் விபூதி கொடுத்தார். அக்கா அவருக்குச் சமைத்தாள், பாயை உதறிப் போட்டாள். என் பிள்ளைகளில் ஒன்று எப்போதும் அவள் மடியில் கிடக்கும்.

ஒருநாள் கடையநல்லூரிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி தம் மகனை அழைத்து வந்தார். பையனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அவனோ சிகரெட்டை விடமாட்டேன் என்கிறான், சாமிதான் புத்தி சொல்லவேண்டும் என்றார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் மனக்கட்டுப்பாடுதாம்லே. நான் விடலையா?"

அக்கா மோர் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுத்து முடித்தாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னாள்:

"இவுக சுருட்டை மட்டுந்தான் விட்டாக தம்பி. மிச்சத்தை எல்லாம் நான் விட்டேன். நீ கலியாணத்துக்கு முன்னாலயே விட்டுரு."